பெர்ச் மீனுக்குத் தீவனமும் வாசனையும்: போட்டவர்கள் சொல்லுங்கள்

பெர்ச் பிடிக்கிறவர்களிடம் தீவனம் போடுவதைப் பற்றிக் கேட்டால், "அது வேட்டை மீன், அதுக்கு எதுக்கு மாவு?" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். பாதிதான் சரி. ரொட்டித் தூளையும் சோள மாவையும் பெர்ச் சீண்டாது. ஆனால் மாவு கலங்கி இறங்குகிற இடத்தில் பொடிமீன் கூடும். பொடிமீன் கூடினால் நம் வரிக்காரர், அதாவது உடம்பில் வரி வரியாக இருக்கிற பெர்ச், வராமல் இருக்க மாட்டார். நான் போடுகிற மாவு பொடிமீனுக்கு, அதில் கலக்கிற புழுதான் பெர்ச்சுக்கு.

நான் தக்கை கட்டி உட்காருகிற ஆள். கோரை முடிகிற ஓரம், சாய்ந்த மரத்தின் அடி, ஆழம் சட்டென்று இறங்கும் விளிம்பு, இப்படி ஏதாவது ஒரு மறைப்பு இருந்தால்தான் அங்கே தீவனம் போடுவேன். வெட்டவெளியான நடுக்குளத்தில் போட்டால் வந்த கூட்டம் நிற்காது.

கலவை எளிது. மூன்று பங்கு கறுப்பு மண், ஒரு பங்கு மாவு, ஒரு கைப்பிடி மண்புழு. அகழெலி தள்ளிய மண் கிடைத்தால் அதற்கு ஈடில்லை: கல் இருக்காது, பொலபொலவென்று உதிரும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசைந்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, சல்லடையில் தேய்த்து எடுப்பேன். புழுவை மட்டும் கடைசியில், உருண்டை பிடிப்பதற்குச் சற்று முன்தான் கத்தரியால் நறுக்குவேன். முன்கூட்டியே நறுக்கி வைத்தால் சாறெல்லாம் வடிந்து தோல்தான் மிஞ்சும். அந்தச் சாறுதான் சரக்கே. ரொம்பப் பொடியாகவும் நறுக்கக் கூடாது, பொடிமீனே மொத்தத்தையும் தின்றுவிடும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் துண்டுகள் அடியில் கிடக்க வேண்டும்.

முதலில் ரெண்டு மூன்று உருண்டை, பிறகு கடி நிற்கும்போது மட்டும் ஒன்று. தொடக்கத்தில் தக்கை ஓயாமல் துடிக்கும், எல்லாம் பொடிமீன் கொத்துகிற கொத்து. திடீரென்று ஒரு நேரம் எல்லாமே நின்றுவிடும். புதிதாக வருகிறவர்கள் "மீன் போயிடுச்சு" என்று அந்த நேரத்தில்தான் எழுந்து இடம் மாறுகிறார்கள். தயவுசெய்து உட்காருங்கள். கொஞ்ச நேரத்தில் பொடிமீன் கூட்டம் நீர்மட்டத்தில் சிதறித் தெறிக்கும், தக்கை ரெண்டு தரம் குத்திவிட்டுச் சாய்ந்து இழுத்துக்கொண்டு போகும். உடனே தூண்டிலைச் சுண்டி இழுங்கள். பெர்ச் புழுவை மடமடவென்று விழுங்கும், தூண்டில் முள் தொண்டைக்குள் போய்விட்டால் மீனைத் தண்ணீரில் திருப்பி விட முடியாது.

பாட்டில் வாசனைகளைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. நம்புகிறவர்கள் எழுதுங்கள், கேட்கிறேன்.

* * *

நம்புகிறவன் வந்துவிட்டேன் அண்ணே. ஆனால் எல்லா பாட்டிலையும் இல்லை.

மீனுக்கு மூக்கு மூச்சு விடுவதற்கு இல்லை. அந்தத் துளை தொண்டையோடு சேராது, மோப்பம் பிடிப்பது மட்டுமே அதன் வேலை. அது பிடிப்பதும் தண்ணீரில் கரைகிற பொருள்களைத்தான், முக்கியமாக அமினோ அமிலங்களை. நறுக்கின புழு ஏன் வேலை செய்கிறது என்பதற்கும் இதுதான் பதில். ஆகவே நான் வாங்குவது மூன்றே வகை: புழுச் சாறு, கிரில் (இறால் மாதிரியான பொடிக் கடலுயிர்) சாறு, இறால் சாறு. வெனிலா, ஸ்ட்ராபெரி எல்லாம் புல் பூண்டு தின்கிற மீன் பிடிப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

எண்ணெய் வகை வாசனை கோடையில் பரவாயில்லை. தண்ணீர் குளிர்ந்துவிட்டால் அது கெட்டியாகித் தீவனத்தோடு ஒட்டிக்கொள்ளும், விடுபட்டதும் நேரே மேலே ஏறி மிதக்கும். அடியில் இருக்கிற பெர்ச்சுக்கு ஒன்றும் போய்ச் சேராது. குளிர் காலத்தில் தண்ணீரில் கரைகிற சாறு மட்டும்தான் போடுவேன், அதையும் மாவில் நேரடியாக ஊற்றாமல், பிசைகிற தண்ணீரில் கலந்துவிடுவேன். அப்போதுதான் எல்லா இடமும் ஒரே சீராகப் பிடிக்கும்.

அளவுதான் பலரும் கோட்டை விடுகிற இடம். பாட்டிலில் எழுதியிருக்கிற அளவில் பாதி போதும். நம் மூக்குக்குத் தூக்கலாக இருந்தால் தண்ணீருக்குள் அது விரட்டுகிற அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் சோம்பு எண்ணெயைத் தாராளமாக ஊற்றிப் பிசைந்தார். கரையில் நின்ற எங்களுக்கே தலை வலித்தது. அவர் தக்கையைப் பொடிமீன்கூடத் தொடவில்லை.

அப்புறம், பெரிய பெர்ச்சுக்கு இறால். உரித்த இறாலைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி மண்ணில் கலந்து போட்டு, முள்ளில் முழு இறாலைக் கோத்துவிடுங்கள். குட்டி பெர்ச் வாய்க்கு அது அடங்காது, அதனால் குட்டிகளின் தொல்லை குறையும். புழுவுக்கு இந்த வசதி கிடையாது. புழு என்றால் விரல் நீளக் குட்டியும் வாயைப் பிளந்துகொண்டு வரும்.

* * *

நான் பனிக்கட்டி மேல் உட்கார்ந்து பிடிப்பவன், எங்கள் கணக்கே வேறு. குளிரில் மாவு கிட்டத்தட்ட வீண். எங்களுக்கு எல்லாம் ரத்தப்புழுதான், சேற்றில் வாழ்கிற சிவப்பு நிறக் கொசுப்பூச்சிப் புழு. குளிர் காலத்தில் பெர்ச் இயல்பாகவே சேற்றைக் கிளறித் தேடித் தின்பதும் இதைத்தான்.

தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகக் கனமாக இருக்கும். அதனால் மேலே உறைந்திருந்தாலும் அடித்தண்ணீர் மேல்தண்ணீரைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பு. கூட்டம் அங்கேதான் நிற்கும். துளையில் கையால் தூவினால் புழு இறங்குவதற்குள் ஆளுக்கொரு பக்கம் போய்விடும், நீரோட்டம் இருந்தால் சொல்லவே வேண்டாம். கூம்பு மாதிரி ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, அடியில் தட்டினதும் அதன் மூடி திறந்துகொள்ளும். அதில் புழுவை அடைத்துக் கயிற்றில் இறக்கிக் கொட்டிவிட்டு, முக்கால் ஜாண் அளவு மேலே தூக்கித் தூண்டிலை ஆட்டுவேன்.

ஒரு நாள் நாள் முழுக்கத் துளை துளையாக மாறியும் ஒரு கடி இல்லை. கடைசியில் கையில் மிச்சமிருந்த புழுவை ஈர மண்ணோடு உருட்டி ஒரே துளையில் இறக்கிவிட்டு டீ ஊற்றிக்கொண்டேன். டம்ளர் காலியாவதற்குள் கோல் நுனி வளைந்தது. அதே துளையில் இருட்டும்வரை ஓயவில்லை. புழு சேற்றில் புதைந்துகொள்வதால் பெர்ச் மூக்கால் தோண்டித் தோண்டித் தேடுகிறது, கூட்டம் நகராமல் நிற்கிறது. பெட்டியில் சாறு எதுவும் ஊற்றவில்லை.

ஒரு எச்சரிக்கை. ரத்தப்புழு போட்டால் ரஃப் என்கிற சின்ன மீனும் கூடவே வரும். கையெல்லாம் கோழை, வாய் நிறைய முள்ளை விழுங்கியிருக்கும். ரெண்டு ரஃப் தொடர்ந்து வந்தால் நான் துளையை மாற்றிவிடுவேன்.

* * *

இருட்டும்வரை என்கிறீர்களே, இருட்டிய பிறகும் தீவனம் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? இரவில் பெரியது வரும் என்று சொல்கிறார்களே.

* * *

வராது நண்பரே. பெர்ச் கண்ணால் வேட்டையாடுகிற மீன். அதன் சொந்தக்கார மீனான சாண்டருக்குக் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் அடுக்கு இருக்கிறது, பெர்ச்சுக்கு அது இல்லை. வெளிச்சம் போனதும் அடியில் படுத்துவிடும். இரவில் புழுத் தீவனம் போட்டால் விலாங்கு வரும், தூண்டில் நரம்பு முழுக்க முடிச்சு விழும். விடியலும் பொழுது சாயும் நேரமும்தான் பெர்ச்சுக்கு.

* * *

நான் தீவனமே போடுவதில்லை, ரப்பர் புழு வீசுகிறவன். வாசனை என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

ரப்பர் புழுவில் உப்பும் இறால், கணவாய், பூண்டு வாசனையும் ஏற்றி விற்கிறார்கள். வாசனையைக் கேட்டுத் தூரத்திலிருந்து பெர்ச் ஓடி வருகிறது என்று நான் நினைக்கவில்லை. அசைகிற பொருளை அந்த நேரத்தில் அது கண்ணால்தான் துரத்துகிறது. வித்தியாசம் வாயில் போட்ட பிறகுதான் தெரிகிறது. வாசனை இல்லாததைக் கடித்ததும் துப்பிவிடும், ஒரு தட்டு மட்டும் கோலில் தெரியும், இழுத்தால் வெறும் முள். உப்பு ஏற்றினதைக் கொஞ்ச நேரம் வைத்து மெல்லுகிறது. எனக்குத் தேவை அந்த ஒரு நொடி. வேகமாக இழுக்கிற உலோகத் தகட்டில் வாசனை தடவுவது காசைத் தண்ணீரில் போடுவதற்குச் சமம். அடியில் மெதுவாக நகர்த்துகிற இரையில் மட்டும் தடவுங்கள்.

தண்ணீர் கலங்கலாக இருந்தால் என் கணக்கு மாறும். கண் உதவாதபோது மோப்பம் முன்னால் வருகிறது. அப்போது நானும் ரப்பரை ஒதுக்கிவிட்டு நிஜப் புழுவுக்குப் போய்விடுவேன்.

* * *

இங்கே யாரும் தொடாத ஒன்று: பொடிமீனை அரைத்துத் தீவனத்தில் கலப்பது. "வேட்டை மீனுக்கு மீன் வாசனை" என்று கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கெண்டை வகைப் பொடிமீன்களின் தோலில் ஒரு பொருள் இருக்கிறது. தோல் கிழிந்தால் அது தண்ணீரில் கலந்து, கூட்டத்திலிருக்கும் மற்ற மீன்களை மிரட்டிவிடும். கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1938-ல் இதைக் கண்டு எழுதினார். தேனீக்களின் நடனத்தைப் படித்தாரே, அதே ஆள். அப்படியானால் அரைத்த பொடிமீனைக் கொட்டுவது, திரியைத் தொடங்கிய நண்பர் மாவு போட்டுக் கூட்டுகிற கூட்டத்தை நாமே கலைப்பது இல்லையா? என் ஓரத்தில் அப்படித்தான் நடந்தது. அரைத்ததைப் போட்ட பக்கம் பொடிமீன் ஒன்றுகூட நிற்கவில்லை, பெர்ச்சும் வரவில்லை.

பதிலாக ஒரு யோசனை. கண்ணாடி ஜாடியில் தண்ணீர் நிரப்பி, உயிருள்ள பொடிமீன் நாலைந்தை விட்டு, வாயில் வலை கட்டி அடியில் இறக்குங்கள். வாசனையே இல்லாத தீவனம். பெர்ச் ஜாடியைச் சுற்றிச் சுற்றி வரும், பக்கத்தில் தொங்குகிற புழுவை எரிச்சலில் அடிக்கும். அடியில் வெளிச்சம் விழுகிற தெளிந்த தண்ணீருக்கு மட்டும். உயிர்மீனை இப்படிப் பயன்படுத்த உங்கள் நீர்நிலையில் அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் தீவனம் போடவே தடை இருக்கிறது.

* * *

திரியைத் தொடங்கியவன் மறுபடியும். ஜாடி வேலை செய்கிறது, பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு வேலை கொடுக்க இன்னொரு வழி, முட்டை ஓட்டைப் பொடித்து மண் உருண்டையில் கலப்பது. உருண்டை உடையும்போது ஓட்டுத் துணுக்குகள் மினுமினுத்து இறங்கும். ஒரு சிட்டிகை பால் பவுடர் சேர்த்தால் வெள்ளையாகப் புகை போலப் பரவும், தூரத்தில் சுற்றுகிற பொடிமீன் திரும்பிப் பார்க்கும்.

இறால் சாறு பற்றிச் சொன்னவருக்கு நன்றி. அடுத்த முறை பிசைகிற தண்ணீரில் விட்டுப் பார்க்கிறேன், பாதி அளவுதான். சோம்புப் பக்கம் போக மாட்டேன்.

பனிக்கட்டி நண்பருக்கு ஒரு சேர்க்கை. பெர்ச்சின் காற்றுப்பை மூடினது, வாய் வழியாகக் காற்றை வெளியேற்ற அதனால் முடியாது. 10 மீட்டருக்கு மேல் ஆழத்திலிருந்து சரசரவென்று தூக்கினால் வயிறு உப்பி, இரைப்பை வாய்வரை தள்ளிவிடும். விட்டாலும் மேலேயே மிதந்து செத்துப்போகும். அவ்வளவு ஆழத்தில் தீவனம் போட்டு ஒரு கூட்டத்தையே நிறுத்திவைக்கிறவர் வீட்டுக்குத் தேவையானதை எடுத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். திருப்பி விடுகிற வழக்கமுள்ளவர்கள் ஆழம் குறைந்த இடத்தில் தீவனம் போடுங்கள்.

ஓடுகிற ஆற்றில் தீவனக் கூண்டில் புழுவை அடைத்துப் பிடிப்பவர்கள் யாராவது இருந்தால், கூண்டின் துளை அளவையும் எவ்வளவு நேரத்துக்கு ஒரு தரம் நிரப்புகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.