டி2 மடக்குக் கத்தியில மறுபடி மறுபடி துரு, என்ன பண்ணலாம்?

திருவான்மியூர் வாசி:
வணக்கம். மூணு மாசமா ஒரு மடக்குக் கத்தியை பேன்ட் பாக்கெட்லயே வச்சிருக்கேன். ஸ்டீல் டி2. பகல்ல பார்சல் பிரிப்பேன், சாயங்காலம் மாங்கா நறுக்குவேன். பத்து நாளைக்கு ஒருமுறை பிளேடுல மிளகுத்தூள் தூவின மாதிரி பழுப்புப் புள்ளி. ஸ்டீல் பேர் பொறிச்ச எழுத்துக்குள்ளயும், மடங்குற ஆணிகிட்டயும் அதிகம். தினம் ராத்திரி கழுவி, துடைச்சு, தோல் உறையில போட்டுத்தான் வைக்கிறேன். 12% குரோமியம் இருந்தும் ஏன் துருப்பிடிக்குது? அப்பாவோட விக்டோரினாக்ஸ் கத்தி இதே வீட்ல இருபது வருஷமா பளபளன்னு இருக்கு.

சாணைக்கல்:
12% சரிதான் தம்பி. ஆனா டி2-ல கார்பன் சுமார் 1.5%. அந்தக் கார்பன் குரோமியத்துல பெரும் பங்கை இழுத்துக் கார்பைடுங்கிற கெட்டியான துகளா ஆக்கிடும். கூர் ரொம்ப நாள் நிக்கிறது அதனாலதான். துருவைத் தடுக்குற மெல்லிய படலத்தை உண்டாக்குறது கார்பைடுல சிக்காம மிஞ்சின குரோமியம். டி2-ல அது கம்மி. அப்பா கத்தியில கார்பன் 0.5% பக்கம், குரோமியம் 14% பக்கம். சீக்கிரம் மழுங்கும், துரு லேசுல அண்டாது.

வேர்வை உப்புல இருக்குற குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்க துளைக்கும். மிளகுப் புள்ளி அதான். ஆமா, எந்தத் தண்ணில கழுவுறீங்க?

திருவான்மியூர் வாசி:
போர் தண்ணி சார். குழாய் வாயில வெள்ளையா உப்புப் பூக்கும்.

சாணைக்கல்:
அப்ப தினம் ராத்திரி நீங்களே உப்பு ஏத்துறீங்க. மெட்ரோ தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ ஊத்திக் கழுவுங்க. மாங்கா நறுக்கினா அடுத்த நிமிஷமே.

காசிமேடு போட் மெக்கானிக்:
தோல் உறையை முதல்ல விடு தம்பி. வேர்வையைக் குடிச்சு வச்சுக்கும். ஒரு ஐப்பசி மழையில ரெண்டு நாள் உறையோட விட்டேன். தையல் போன வரிசையிலயே பிளேடுல துருக்கோடு. வெறும் பருத்தித் துணி போதும். எண்ணெய்க்கு மெடிக்கல் ஷாப்ல லிக்விட் பாரஃபின் கேளு, பழம் நறுக்கினாலும் பயமில்ல. நல்லெண்ணெய் வேணாம், நாளாக நாளாகப் பிசுபிசுன்னு பிடிச்சுக்கும்.

போட்ல நான் வச்சிருக்குறது எச்1 ஸ்டீல். கார்பன் 0.15% தான். உப்புத் தண்ணிலயே கிடக்கும், ஒண்ணும் ஆகல. கூர் மட்டும் அடிக்கடி தீட்டணும்.

சாணைக்கல்:
கூரும் வேணும், துருவும் வரக்கூடாதுன்னா மேக்னாகட் ஸ்டீல் கத்தி பாருங்க. உலோகவியல் நிபுணர் லேரின் தாமஸ் வடிவமைச்சு 2021-ல வந்தது. குரோமியம் 11% கிட்டதான், ஆனா குரோமியம் கார்பைடே உருவாகாதபடி கலவை. விலை அதிகம். இருக்குற கத்தியைக் காப்பாத்திட்டு அப்புறம் யோசிங்க.

திருவான்மியூர் வாசி:
ஆணியைக் கழட்டிப் பார்த்தேன். வாஷருக்கு அடியில காபி டிகாக்ஷன் மண்டி மாதிரி ஈரமா துரு. மேல துடைச்சதெல்லாம் அங்க போய்ச் சேர்ந்திருக்கு. 2000 நம்பர் உப்புத்தாள்ல எண்ணெய் விட்டு மெதுவா தேய்ச்சேன், பாரஃபின் தடவி மாட்டிட்டேன். அஞ்சு வாரம் ஆச்சு, பிளேடு சுத்தம். பொறிச்ச '2'-க்குள்ள மட்டும் ஒரு புள்ளி திரும்பத் திரும்ப வருது.

காசிமேடு போட் மெக்கானிக்:
அந்தப் பள்ளத்துல துணி போகாது. பல்குச்சி முனையில துரு சுரண்டி எடு, அதே முனையில ஒரு சொட்டு பாரஃபின் வை. வாரம் ஒருவாட்டி.