வன்னியிலிருந்து வந்த அத்தை: உங்கள் வீட்டிலும் இப்படி உண்டா?

1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டத்திலிருந்து இந்தியாவுக்குத் திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. கேரளாவில் குளத்துப்புழாவுக்கு ரப்பர் வெட்டப் போனோம். கல்யாணமான அத்தை மட்டும் இலங்கையிலேயே தங்கிவிட்டார். 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன மலையகச் சனங்களில் அவரும் ஒருவர். 2009இல் சண்டைக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள்.

சில வருடம் கழித்து எங்களைப் பார்க்க வந்தார். பட்டாசு வெடித்தால் பயப்படுவார் என்று நினைத்தோம். அதெல்லாம் இல்லை. ஆனால் கடைக்குக் கிளம்பினாலும் அப்பாயி கட்டிலருகே தண்ணீர் பாட்டில் வைப்பார், மூடியைத் திருகித் தளர்த்திவிட்டு. வாசல் வரை போய்த் திரும்பி வந்து மறுபடி தொட்டுப் பார்ப்பார். அப்பாயிதான் ஒருநாள் கேட்டுவிட்டது. முள்ளிவாய்க்காலில் நடக்க முடியாத மாமியாரிடம் "இந்தா வாரேன் மாமி" என்று சொல்லி, பங்கரில் பாட்டிலை வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு ஓடியிருக்கிறார். மூடியைத் தளர்த்தினாரா இல்லையா, ஞாபகம் இல்லை. மாமிக்கு விரல் மடங்காது.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது, அவ்வளவுதான். 'மாரல் இஞ்சுரி', அதாவது தப்பு நடந்துவிட்டதே என்று மனசாட்சியில் படும் காயம், அதைப் பற்றி அப்புறம்தான் படித்தேன். வியட்நாம் சிப்பாய்களுக்குச் சிகிச்சை தந்த ஜோனதன் ஷே, மேலே இருப்பவர்களின் துரோகத்தில்தான் அது தொடங்குகிறது என்கிறார். பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தது அரசு. அதற்குள்ளேயே ஷெல் அடித்ததையும், தப்பப் பார்த்தவர்களைப் புலிகள் சுட்டதையும் 2011 ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை சொல்கிறது. இவர்களில் யாரும் பாட்டில் மூடியை நினைத்து உட்கார்ந்திருப்பதாகத் தெரியவில்லை.

"உன் மேல தப்பில்ல" என்றால் பேச்சை மாற்றிவிடுவார். திதி கொடுக்கச் செத்த நாள் தெரியாது. இங்கே கர்க்கடக வாவுக்கு, நம் ஆடி அமாவாசைதான், பெண்களும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து செத்தவர்களுக்குப் பிண்டம் வைத்துப் பலி இடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு "நானே வைக்கலாமா?" என்றார். வைத்தார். பாட்டில் பழக்கம் போகவில்லை. ஆனால் மாமியாரின் வெற்றிலைப் பை, இரண்டு பேரும் போட்ட சண்டை எல்லாம் பேச்சில் வர ஆரம்பித்தது.

பதில், கும்மிடிப்பூண்டியிலிருந்து:

எங்கள் அகதி முகாமில் பெண்கள் எப்படியோ சொல்லிவிடுகிறார்கள் அண்ணே. ஆம்பளைகள்தான் சிக்கல். படகில் இடமில்லை என்று தம்பியைக் கரையில் விட்டு வந்தவர் ஒருவர் இருக்கிறார். குடித்தால் படகுக்காரனைத் திட்டுவார், குடிக்காவிட்டால் தன்னையே. கவுன்சிலிங் கொடுக்க வந்த பிள்ளை "பயமா இருக்கா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தது. பயம் போய் எவ்வளவோ காலமாச்சு. தம்பி உயிரோடு இருக்கிறாரா என்றே தகவல் இல்லை, இவர் யாருக்கென்று பலி வைப்பார்?