தீர்ப்பு வந்த அன்று எங்கள் குடும்பக் குழுவில்

2025 ஜூன் 2

மதுரைப் பெரியப்பா: அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவியைப் பாலியல் வன்கொடுமை செய்தவனுக்கு ஆயுள் தண்டனை. குறைந்தது 30 ஆண்டு உள்ளேயே கிடக்க வேண்டும். 90,000 ரூபாய் அபராதம் வேறு.

சித்தி: நல்ல தீர்ப்பு. ஐந்தாறு மாதத்தில் முடித்துவிட்டார்களே!

மதுரைப் பெரியப்பா: அவன் முகத்தைப் பார்த்தபோதே நினைத்தேன். நடைபாதையில் பிரியாணி விற்கிறவன். ஆனால் அந்தப் பெண்ணும் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பையனோடு அங்கே உட்கார்ந்திருக்க வேண்டுமா?

நான்: அது அவள் படிக்கும் கல்லூரி வளாகம், பெரியப்பா. வெளியாள் அவன்தான். முதல் தகவல் அறிக்கையும் இதே தோரணையில் எழுதப்பட்டதைத்தான் உயர் நீதிமன்றம் கண்டித்தது. அவள் பெயரோடு அது வெளியே கசிந்ததற்காக அவளுக்கு 25 லட்சம் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

சரோஜா அத்தை: நம் குழுவிலும் அந்த அறிக்கை வந்ததே. யார் போட்டது என்று கேட்கமாட்டேன்.

முரளி: எல்லாக் குழுவிலும் வந்தது அத்தை. பெயரை வெளியிட்டால் இரண்டு வருடம் வரை சிறை என்று யாருக்குத் தெரியும்?

சரோஜா அத்தை: அண்ணா, முகத்தைப் பார்த்ததும் புரிந்தது என்கிறீர்கள். 2019இல் பொள்ளாச்சிப் பாலியல் வன்கொடுமை வழக்கில் சிக்கிய ஆட்களின் படம் வந்தபோது, வசதியான வீட்டுப் பிள்ளைகளாயிற்றே, அவசரப்பட்டு எதுவும் பேசக் கூடாது என்றீர்கள். போன மாதம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள்.

மதுரைப் பெரியப்பா: அது வேறு, இது வேறு.

சரோஜா அத்தை: எது வேறு? சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்ததா?

முரளி: பொய்ப் புகாரும் வருகிறதே அக்கா?

நான்: வரும். அதற்குத்தான் விசாரணை, குறுக்கு விசாரணை. பொள்ளாச்சியில் ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை. ஊர்ப் பேச்சு அத்தனையும் கேட்டுவிட்டுத்தான் அந்தப் பெண்கள் வந்து சொன்னார்கள். சம்மதம் இருந்ததா என்று பார்க்க, பெண்ணின் பழைய உறவுகளை இழுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. நாம் இங்கே முதல் கேள்வியே அதைத்தான் கேட்கிறோம்.

மதுரைப் பெரியப்பா: நம் வீட்டுப் பெண்களின் பாதுகாப்புக்காக ஒரு வார்த்தை சொன்னால் என்னைக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்.

சித்தி: பெரியவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. கயல் அடுத்த வாரம் விடுதிக்குப் போகிறாள். இந்தக் குழுவில்தான் இருக்கிறாள். நாளைக்கு ஏதாவது நடந்தால், இதையெல்லாம் படித்த பிள்ளை வீட்டில் வாய் திறப்பாளா?

கயல்: படித்துக்கொண்டுதான் இருக்கிறேன் அம்மா. உன்னிடம் சொல்வேன். பெரியப்பாவிடம் சொல்லாதே என்றும் சொல்வேன்.