புதுப்பிப்பு: நின்றுவிட்டது என்று நான் நினைத்த மாதவிலக்கு

சென்ற மார்ச்சில், 46 வயதில் எனக்கு நான்கு மாதங்களாக மாதவிலக்கு வரவில்லை என்றும், செம்பூரிலிருந்து வேலைக்குச் செல்லும் மின்ரயிலில் டிசம்பர் காலையிலேயே முகம் கொதித்து ரவிக்கையின் கழுத்துப் பகுதி நனைந்துவிட்டது என்றும் எழுதி, இது முழுமையாக நின்றுவிட்டதன் அறிகுறிதானா என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

ஏழாவது மாதத்தில் மீண்டும் வந்தது. தொடர்ந்து 12 மாதங்கள் வராமலிருந்தால்தான் நின்றுவிட்டதாகக் கொள்வார்கள் என்றும், அதற்கு முந்தைய மாற்றக் காலம் சில ஆண்டுகள்கூட நீடிக்கலாம் என்றும் மருத்துவர் விளக்கினார். இந்தக் காலத்தில் ஹார்மோன் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால், கருமுட்டை வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோனை அளக்கும் ஒரேயொரு எஃப்.எஸ்.ஹெச். இரத்தப் பரிசோதனையை வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது; வேறோர் இடத்தில் அந்த ஒரு சோதனையைப் பார்த்தே "எல்லாம் முடிந்தது" என்று சொல்லி அனுப்பியதை நினைத்தால் இன்னமும் வருத்தமாக இருக்கிறது. தைராய்டு கோளாறும் இதே படபடப்பையும் வியர்வையையும் தரக்கூடும் என்பதால் இந்த மருத்துவர் அதையும் பார்த்தார், சரியாக இருந்தது.

அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டபோது, சற்றுத் தயங்கி, "எனக்கு 47-ல் நின்றதுடி, யாரிடமும் சொல்லவில்லை" என்றார். தாய்க்கு நின்ற வயதையொட்டியே மகளுக்கும் நிற்பது பரவலாகக் காணப்படுவதுதான்.

இரவு மூன்று மணிக்குத் தலையணையைத் திருப்பிப் போடுவது தொடர்கிறது. மாலைக் காபியை விட்டபின் தூக்கம் சற்றுக் கூடியிருக்கிறது. ஒன்றை மட்டும் வற்புறுத்துகிறேன்: 12 மாதங்கள் கடந்தபின் துளி இரத்தம் கண்டாலும், மறுபடி வந்துவிட்டது என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.