சாரல் விழுந்தால் கம்பொனென்ட் டெஸ்டர் அளவு மாறுகிறது

செங்கோட்டை சவுண்ட் சர்வீஸ்:
கொடை விழாவுக்குப் போகும் ஆம்ப்ளிஃபையர்களைச் சரிபார்ப்பது என் தொழில். கழற்றிய பார்ட்ஸைத் தரம் பிரிக்க, ஏடிமெகா328 என்ற மைக்ரோகண்ட்ரோலர் சிப் உள்ள டெஸ்டர் கிட் வாங்கி நானே சால்டர் செய்தேன். 680 ஓம் மூன்று, 470 கிலோ ஓம் மூன்று, எல்லாவற்றையும் மல்டிமீட்டரில் அளந்துதான் போட்டேன். 7805 வோல்ட்டேஜ் ரெகுலேட்டர் சரியாக 5 வோல்ட் தருகிறது. பிசி547 டிரான்சிஸ்டரை எப்படித் திருப்பிச் செருகினாலும் என்பிஎன் வகை என்றும், எந்தக் கால் எது என்றும் சொல்லிவிடுகிறது. அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். ஆனால் புளியரைப் பக்கமிருந்து சாரல் இறங்கினால் 2.2 மெகா ஓம் ரெசிஸ்டர் 1.8 என்று காட்டுகிறது. வெயில் வந்ததும் சரியாகிவிடுகிறது. சிப் போய்விட்டதா?

கொழிஞ்சாம்பாறை:
சிப் நன்றாகத்தான் இருக்கிறது அண்ணா. 2.2 மெகா 1.8 ஆகத் தெரிந்தால், பக்கத்திலேயே சுமார் 10 மெகா ஓம் கசிவுப் பாதை இருக்கிறது என்று அர்த்தம். சால்டர் செய்தபோது தங்கிய ஃபிளக்ஸ் (சால்டர் நன்றாக ஒட்ட உதவும் பசை) ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. சாக்கெட்டுக்கு அடியில், 470 கிலோ ரெசிஸ்டர்களின் கால்களில், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் டெஸ்டரின் மூன்று முனைகளையும் ஒன்றாக இணைத்து டெஸ்ட் பட்டனை அழுத்தினால் பெரும்பாலான கிட்களில் காலிபரேஷன் (டெஸ்டர் தன் அளவைத் தானே சரிசெய்துகொள்வது) தொடங்கும். அதைச் சுத்தம் செய்தபின் செய்வதுதான் முக்கியம், இல்லாவிட்டால் கசிவோடு சேர்த்தே பதிந்துகொள்ளும்.

செங்கோட்டை சவுண்ட் சர்வீஸ்:
சரியாகச் சொன்னீர்கள் தம்பி, ரொம்ப நன்றி. சுத்தம் செய்தபின் வெளியே மழை கொட்டும்போதே 2.19 காட்டுகிறது. இன்னொன்று: ஆம்ப்ளிஃபையரின் 2என்3055 அவுட்புட் டிரான்சிஸ்டர்களை இது காட்டும் எச்எஃப்இ (கரண்ட் கெயின்) பார்த்து ஜோடி சேர்க்கலாமா?

மார்த்தாண்டம் எலக்ட்ரானிக்ஸ்:
வேண்டாம் அண்ணாச்சி. 5 வோல்ட்டில் 680 ஓம் வழியாக ஏழெட்டு மில்லி ஆம்பியர்தான் போகும். அவுட்புட் டிரான்சிஸ்டர் வேலை செய்வதோ ஆம்பியர் கணக்கில், அங்கே கெயின் வேறு. உயர் வோல்ட்டேஜில் மட்டும் கசிகிற டிரான்சிஸ்டரும் இதில் நல்லதாகவே தேறிவிடும். என்பிஎன்னா பிஎன்பியா, ஷார்ட்டா, கால் எது என்பதற்கு மட்டும் நம்புங்கள். ஜோடி சேர்க்க, பவர் சப்ளை வைத்துத் தனியாக 1 ஆம்பியர் ஓட்டி, ஹீட்சிங்க்கோடு அளப்பதுதான் சரி.

அதைவிட முக்கியம், ஆம்ப்ளிஃபையரிலிருந்து எடுத்த 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் வைத்து முழுதாக டிஸ்சார்ஜ் செய்யாமல் இதில் செருகாதீர்கள். உள்ளே மிஞ்சியிருக்கும் சார்ஜ் சிப்பை அப்படியே கொன்றுவிடும்.