புதுப்பிப்பு: எம்.ஏ. குற்றவியல், முதல் வருடம் முடிந்தது

பி.காம். முடித்துவிட்டுக் குற்றவியல் படிக்கலாமா, "படித்தால் போலீஸ் எஸ்.ஐ. ஆகிவிடலாமா?" என்று வீட்டில் கேட்கிறார்களே என்று போன வருடம் எழுதியிருந்தேன். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டேன். அப்போது வழி சொன்ன அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் நன்றி.

எஸ்.ஐ. தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். இந்தப் படிப்பு நேரடியாக வேலை வாங்கித் தராது. எழுத்துத் தேர்வு, உடல்தகுதி எல்லாம் தனி.

என்னைப் பிடித்து இழுத்தது வேறு. கோஹன், ஃபெல்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979-இல் சொன்னது: திருட நினைப்பவர், கைக்கெட்டும் பொருள், கண்காணிக்க ஆள் இல்லாத நிலை, மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூடினால்தான் குற்றம் நடக்கும். படித்த கையோடு எங்கள் தெருவில் பைக் நிறுத்தும் இடத்தைப் போய்ப் பார்த்தேன். கேமரா இருக்கிறது, வேப்பங்கிளை அதை மறைக்கிறது. டீக்கடை அடைத்துவிட்டால் அந்தப் பக்கம் பார்க்க ஒருவரும் இல்லை. திருடனைப் பிடிப்பதைப் பற்றியே பேசுகிறோம். அந்தக் கிளையை வெட்டுவதும் பாதுகாப்புதான்! தெருக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

சேரப்போகிறவர்கள் பழைய கைடு வாங்க வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் புதிது. 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு 5 ஆண்டு வரை அவகாசம் உண்டு.

பாடத்திட்டம் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.