இரும்புக் கதவில் தேக்கு ரேகை: கைவேலையா, ஏமாற்றா?

தூரிகை:
வணக்கம். மதுரையில் 19 வருடமாகப் பெயிண்டர் வேலை. கடைசி 11 வருடம் பெரும்பாலும் கிரெயினிங் (பெயிண்டில் மரரேகை இழுப்பது), மார்பிள் எஃபெக்ட் (பளிங்கு மாதிரி ஆக்குவது), டெக்ஸ்சர் (மேடுபள்ளமான சுவர்ப்பூச்சு)தான். போன வாரம் ஒரு வீட்டில் இரும்பு வாசல் கதவுக்குத் தேக்கு ரேகை இழுத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு ஆர்க்கிடெக்ட் வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "இரும்பு இரும்பாவே இருக்கட்டும். எதுக்கு வேஷம்? இது ஏமாத்து வேலை" என்று வீட்டுக்காரர் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனார். பாதிக் கதவோடு வேலை நிற்கிறது.

பணம் நின்றதுகூடப் பெரிதில்லை. அந்தச் சொல் மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை. நான் செய்வது என்ன என்று சொல்கிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள்.

துருவைச் சுரண்டி, துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு அடிப்பேன். பட்டி, உப்புத்தாள், அதன்மேல் சந்தன நிற எனாமல் இரண்டு கோட்டிங். அது நன்றாகக் காய்ந்தபின், லின்சீட் எண்ணெயும் டர்பன்டைனும் சேர்த்ததில் ரா சியன்னா (மஞ்சள் பழுப்பு), பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) ஸ்டெயினர் நிறங்களைக் கலந்து மெல்லிசாகத் தடவுவேன். ஈரம் இருக்கும்போதே ரப்பர் ராக்கரை (ரேகை வெட்டிய வளைந்த ரப்பர் அச்சு) முன்னும் பின்னும் சாய்த்துக்கொண்டே இழுத்தால் மர வயிரத்தின் வளையங்கள் விழும். இழுக்கும் வேகத்தில் ஒரு நொடி தயங்கினால் அந்த இடத்தில் கோடு தடித்துவிடும். பக்கவாட்டில் சீப்பு, கடைசியில் காய்ந்த பிரஷால் ஒரு தடவல். சித்திரை வெயிலில் கலவை இறுகிவிடும், அதனால் மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு வேர்வையோடு நிற்பேன்.

ஆசாரி ஒரு கதவைச் சேர்த்தால் நிற்கும் சட்டத்தில் ரேகை நெடுக்காகவும் குறுக்குச் சட்டத்தில் குறுக்காகவும் இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் பட்டென்று நிற்க வேண்டும். அந்தக் கோட்டுக்கு டேப் ஒட்டி ஒவ்வொரு சட்டமாக, ஒன்று காய்ந்தபின் ஒன்று என்று செய்கிறேன். ஒரே மரக்கண் இரண்டு இடத்தில் வந்தால் அழித்துவிட்டு மறுபடி இழுப்பேன். இதை ஏமாற்று என்று சொல்லலாமா?

நேர்க்கோடு:
அண்ணா, நான் அந்த ஆர்க்கிடெக்ட் இல்லை, ஆனால் அதே தொழில். உங்களை வீட்டுக்காரர் முன்னால் அவர் அப்படிப் பேசியது தப்பு. அவர் சொன்ன கருத்து தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு பொருளை இன்னொரு பொருளாகக் காட்டுவது கட்டடத்தில் செய்யும் பொய் என்று ஜான் ரஸ்கின் என்ற ஆங்கிலேயக் கலை விமர்சகர் 1849-லேயே எழுதினார். மரத்துக்குப் பளிங்கு வர்ணம் அடிப்பதைத்தான் உதாரணமாகச் சொன்னார். அவர் சொன்னார் என்பதற்காக நான் சொல்லவில்லை. வயதாகும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். ஆத்தங்குடித் தரைக்கல் நடக்க நடக்கப் பளபளக்கும். தேக்கு கைபட்டுக் கைபட்டு மெருகேறும். உங்கள் கதவில் சாவிக்கொத்து உரசினால் உள்ளே இருக்கும் சந்தன நிறம் தெரியும், அதற்கும் கீழே இரும்பு தெரியும். நல்ல பொருள் பழசானால் அழகு கூடும். போலிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அந்தப் பணத்தில் மொட்டைமாடிக்கு ஒழுகாமல் ஏதாவது செய்திருக்கலாம்.

புதுவீடு:
மேடம் சொல்வதை என் அனுபவத்தில் சொல்கிறேன். கோயம்புத்தூரில் வீடு கட்டியபோது ஹாலில் ஒரு சுவர் முழுக்க டெக்ஸ்சர் போட்டோம், வரப்பு வரப்பாக. ஒரு வருடத்தில் ஒவ்வொரு வரப்பிலும் தூசி. துடைத்தால் துணி நூல் நூலாகப் பிய்கிறது. ஏசி மாற்றும்போது ஒரு கையகலம் பெயர்ந்தது. அதே பெயிண்டரைக் கூப்பிட்டேன், ஒட்டுப்போட்டது நெற்றியில் பிளாஸ்டர் ஒட்டியமாதிரி தெரிந்தது. கடைசியில் முழுச் சுவரையும் தேய்த்துப் பட்டி பார்த்து வெறும் வெள்ளை அடித்தோம். போட்ட செலவைவிட எடுத்த செலவு அதிகம். இந்தத் தொழில்காரர்கள் இதையெல்லாம் முதலிலேயே சொல்ல வேண்டாமா?

தூரிகை:
சொல்ல வேண்டும் சார். உங்களிடம் சொல்லாதது தப்புதான். ஆள் உட்கார்ந்து எழும் ஹாலுக்கு ஆழமான வரப்பு ஆகாது. ஒட்டுத் தெரியாமல் போடுவதும் கஷ்டம். அதனால்தான் நான் முதலில் இரண்டடிக்கு இரண்டடிப் பலகையில் மாதிரி செய்து, அதே சுவரில் காலையிலும் இரவு விளக்கிலும் சாய்த்து வைத்துப் பார்க்கச் சொல்வேன். வேலை முடிந்ததும் மிச்சக் கலவையைத் தேதியும் அளவும் எழுதி ஒரு டப்பாவில் வீட்டிலேயே வைத்துவிடுவேன். ஆனால் சார், சாம்பார் கெட்டுப்போனது என்பதற்காகச் சமையலே பொய்யாகிவிடாதே.

சுண்ணாம்புக்காரர்:
காரைக்குடிப் பக்கம் 40 வருடமாகச் சுண்ணாம்புப் பூச்சு வேலை. இரண்டு பேருக்கும் சொல்ல இருக்கிறது.

முதலில் நேர்க்கோடு அம்மாவுக்கு. மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்திருப்பீர்கள், 1636-ல் கட்டியது. அந்தப் பெரிய தூண்கள் கல் இல்லை. செங்கல் கட்டி மேலே சுண்ணாம்புச் சாந்து. எங்கள் பக்கத்து வீடுகளில் கிளிஞ்சல் சுண்ணாம்பை மை மாதிரி அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிறமாதிரி ஆக்குவோம். வெள்ளைக்காரர்கள் சென்னைச் சுண்ணாம்பு பளிங்கு மாதிரி இருக்கிறது என்று எழுதி வைத்தார்கள். இதை யாரும் பொய் என்று சொன்னதில்லை.

அடுத்து தூரிகை தம்பிக்கு. உங்கள் ஆட்கள் செய்யும் ஒரு காரியம் எனக்குப் பொறுக்கவில்லை. பழைய சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும் சுவர். தரையிலிருந்து ஏறுகிற ஓதத்தை அது மேற்பரப்பு வழியாக வெளியே விட்டுவிடும். அதன்மேல் அக்ரிலிக் பட்டியும் டெக்ஸ்சரும் அப்பினால் ஈரம் உள்ளேயே நிற்கும், உப்பு பூக்கும், சாந்தோடு சேர்ந்து உரிந்து விழும். நான் வேலை பார்த்த ஒரு வீட்டில் முகப்புச் சுவருக்குப் பளிங்கு மாதிரி அடித்துவிட்டுப் போனார்கள். ஒரு ஐப்பசி மழை தாண்டவில்லை. இடுப்பு உயரத்துக்கு அப்பளம் மாதிரி கிளம்பியது. விரலால் தட்டினேன், என் அப்பன் காலத்துப் பூச்சு உள்ளே பொடியாகக் கொட்டியது. அந்தப் பூச்சைத் திரும்பப் போட இன்று எத்தனை பேர் இருக்கிறோம்?

நேர்க்கோடு:
ஐயா, இரண்டாவது சொன்னதற்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். முதலாவதில் ஒப்பவில்லை. முட்டைப் பூச்சு பளிங்காக நடிக்கவில்லை. அது சுண்ணாம்பாகவே உச்சத்துக்குப் போனது. பார்த்தவர்கள் பளிங்கு மாதிரி என்றார்கள், அது அவர்கள் வாயில் வந்த உவமை. யாரும் அதில் பொய் நரம்பு வரையவில்லை. எனக்கு வித்தியாசம் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

கடல்தாண்டி:
நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். நேர்க்கோடு ரஸ்கினைப் பற்றிக் கதைத்தபடியால் இதையும் சொல்ல வேணும். அவர் எழுதி இரண்டே வருடத்தில், 1851-ல் இங்கே நடந்த மாபெரும் கண்காட்சியில் தாமஸ் கெர்ஷா என்ற பெயிண்டருக்கு இதே மரரேகை, பளிங்கு வேலைக்குப் பரிசு கிடைத்தது. 1855-ல் பாரிஸிலும் பரிசு. அவர் செய்த பலகைகள் இன்றைக்கும் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் வீடு வெளியே கல் கட்டடம் மாதிரி இருக்கும். உண்மையில் மரப்பலகை. பலகையைக் கல் வடிவில் சீவி, ஈரப் பெயிண்டில் மணலை வீசி அப்படி ஆக்கினார்கள். பிரசல்ஸில் 1882-ல் தொடங்கிய வான் டெர் கெலன் பள்ளி முக்கியமாக இதைத்தான் படிப்பிக்கிறது. உலகம் படிப்பாகப் படிக்கிற கைவேலையை எங்கட ஆள் செய்தால் மட்டும் ஏன் ஏமாற்று?

இளையவன்:
அண்ணே, நான் ஹெல்பர், வயது 22. நாள் சம்பளம் 800. இதைக் கற்றுக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். இப்போது மர டிசைன் அச்சடித்த இரும்புக் கதவே ரெடிமேடாக வருகிறது. அப்புறம் டர்பன்டைன் வாடையில் சாயங்காலம் தலை வலிக்கிறது. அம்மா வேண்டாம் என்கிறார்.

தூரிகை:
தம்பி, அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. சன்னலைத் திறந்து வை, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே போய் நில். எண்ணெய் நனைந்த துணியைக் குவித்துப் போடாதே. லின்சீட் எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடு, இல்லையென்றால் தண்ணீரில் அமுக்கு. பழைய கதவை உலர்வாகத் தேய்க்காதே. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்று 2016-ல் விதி வந்து, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் எவ்வளவு இருக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தண்ணீர் தொட்டுத் தேய், மாஸ்க் போடு.

அச்சடித்த கதவு வரத்தான் செய்யும். ஆனால் அதற்குப் பக்கத்தில் இருக்கிற சன்னலையும் நிலையையும் அதே மாதிரி யார் செய்வார்கள்? கற்றுக்கொள்ள ஆசையிருந்தால் முதலில் பிரஷ் வேண்டாம், மரக்கடைக்குப் போ. தேக்கு, வேங்கை, பலா ஒவ்வொன்றையும் பார், கையால் தடவு. சன்மைக்கா துண்டு ஒன்றில் இழுத்துப் பார், காய்வதற்குள் துடை, மறுபடி இழு. நான் ஆறு மாதம் துடைத்தேன்.

சுண்ணாம்பு ஐயா, உங்களுக்குப் பதில் சொல்ல இரண்டு நாள் ஆனது. அந்தத் தப்பை நானும் ஒரு முறை செய்திருக்கிறேன். சுண்ணாம்புச் சுவர் என்று தெரியாமல் அடித்தேன். இனி பழைய வீடு என்றால் ஓரத்தில் சுரண்டிப் பார்க்காமல் கைவைக்க மாட்டேன்.

நேர்க்கோடு:
அண்ணா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். நேராகப் பதில் சொல்லுங்கள். உங்கள் கதவைப் பார்த்து நிஜத் தேக்கு என்று நம்பி யாராவது பணம் கொடுத்திருக்கிறார்களா? அது உங்களுக்குத் தெரியுமா?

தூரிகை:
தெரியும்.

எட்டு வருடம் முன்னால். ஒரு அடுக்குமாடி, 12 வீடு. எல்லாம் பிளஷ் டோர், அதாவது சட்டம் தெரியாத தட்டையான பலகைக் கதவு. தேக்கு ரேகை இழுக்கச் சொன்னார்கள், இழுத்தேன். கடைசி நாள் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தபோது வீடு வாங்க ஒரு குடும்பம் வந்தது. கூட வந்த பாட்டி கதவை உள்ளங்கையால் தடவி, "தேக்குதானே தம்பி? எங்க ஊர் வீட்டுல இப்படித்தான் இருக்கும்" என்று என்னைத்தான் கேட்டார். சூப்பர்வைசர் முந்திக்கொண்டு "ஆமாம்மா" என்றார். நான் பிரஷைக் கழுவிக்கொண்டே இருந்தேன். பாட்டி அந்தக் கதவில் கைவைத்துக் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார்.

அன்று என் வேலை அவ்வளவு நன்றாக வந்திருந்தது என்று முதலில் பெருமையாக இருந்தது. பஸ்ஸில் போகும்போதுதான் வயிற்றைப் பிசைந்தது. அதிலிருந்து எந்த எஸ்டிமேட் கொடுத்தாலும் "இரும்புக் கதவின்மேல் மரரேகைப் பெயிண்ட்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். விற்பதற்குக் கட்டுகிற வீடுகளில் இந்த வேலையை எடுப்பதில்லை. தன் வீட்டுக் கதவு இரும்பு என்று தெரிந்தே, அதைத் தினமும் மரமாகப் பார்க்க ஆசைப்படுகிற ஆளுக்கு மட்டும் செய்கிறேன். அவருக்குத் தேக்கு வாங்க முடியாது. அவர் ஆசையை நான் பொய் என்று சொல்ல மாட்டேன்.

நேர்க்கோடு:
படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. என் வீட்டுக்கு நான் இப்போதும் இதைச் செய்ய மாட்டேன். ஆனால் ஏமாற்று என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். அது சூப்பர்வைசர் வாயில் இருந்தது, உங்கள் பிரஷில் இல்லை.

இன்னொன்று. தேவகோட்டையில் ஒரு பழைய வீட்டில் வேலை செய்கிறேன். வளவில் (வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதி) ஒரு மரத்தூணின் அடியைக் கரையான் தின்றுவிட்டது. ஆசாரி ஒன்றரை அடிக்குப் புதுத் தேக்கு ஒட்டியிருக்கிறார். நல்ல வேலை. ஆனால் புதுசு மஞ்சளாகவும் பழசு கருஞ்சிவப்பாகவும் நிற்கிறது. முழுத் தூணுக்கும் பிரவுன் எனாமல் அடித்து மறைத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். அது நடந்தால் நூறு வருட மெருகு போய்விடும். ஒட்டிய துண்டுக்கு மட்டும் பழைய மரத்தின் நிறமும் ரேகையும் கொண்டுவர முடியுமா? ஒட்டு என்று கிட்டப்போய்ப் பார்த்தால் தெரிய வேண்டும், வளவில் நுழையும்போது கண்ணில் குத்தக்கூடாது.

சுண்ணாம்புக்காரர்:
அந்தத் தூணுக்குக் கீழே கல் இருக்கிறதா, சாந்தா என்று முதலில் பாருங்கள். ஓதம் அடங்காமல் எந்த வர்ணமும் நிற்காது.

தூரிகை:
முடியும் மேடம். எனாமல் பக்கமே போக வேண்டாம். ரேகை புது மரத்திலேயே இருக்கிறது, அதை மூடக்கூடாது. மெல்லிசாக மூன்று நான்கு தடவை நிறம் ஏற்றிக்கொண்டே போகலாம், பழைய தூணில் கறுத்த கோடு எங்கே இறங்குகிறதோ அதை மட்டும் மெல்லிய பிரஷால் கீழே இழுத்துவிடலாம். ஐயா சொன்னமாதிரி அடியைப் பார்த்துவிடுங்கள்.

காலை வெளிச்சத்தில் ஒரு போட்டோ, நடுமத்தியானம் ஒன்று அனுப்புங்கள், ஃப்ளாஷ் வேண்டாம். ஆசாரி சீவிய சிம்புகளில் ஒரு கைப்பிடி எடுத்து வையுங்கள், அதில்தான் முதலில் நிறம் பார்ப்பேன். அதுவரை தூணை யாரும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே பாதிக் கதவு இன்னும் அப்படியேதான் நிற்கிறது, அதனால் அடுத்த வாரம் எந்த நாள் என்றாலும் வருகிறேன். இளையவன் தம்பி, நீயும் வருவதானால் சொல்.